விடுதி அறையில் தவக்காலம்: கத்தோலிக்க மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் இருந்தவரை, ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலமான தவக்காலம் தானாக வந்துவிடும். வெள்ளிக்கிழமை அடுப்பில் இறைச்சி ஏறாது, மாலையில் யாராவது, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் நினைத்துச் செபிக்கும் சிலுவைப் பாதைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வருஷம் அந்த யாராவது இருப்பதில்லை. நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு எழுப்பிவிட ஆள் கிடையாது, போகாவிட்டால் கேட்கவும் ஆள் கிடையாது. மாணவனாக இருந்தபோதும், அப்புறம் கத்தோலிக்க மாணவர் குழுவுக்கு உதவிய ஆண்டுகளிலும் என் காதில் திரும்பத் திரும்ப விழுந்த கேள்விகள் இவை. நான் குருவானவர் இல்லை. திருச்சபைச் சட்டத்தைச் சட்டம் என்றும், என் கருத்தை என் கருத்து என்றும் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

தவக்காலம் ஏன் ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வருகிறது? 40 நாள் கணக்கு எப்படி?

உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) வைத்துப் பின்னோக்கி எண்ணுவதுதான் கணக்கு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு உயிர்ப்பு விழா. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் திருநீற்றுப் புதன். நடுவே வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. வழிபாட்டுக் கணக்கில் தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு (பூசைக்கு) முன்பே முடிந்துவிடுகிறது, ஆனால் நோன்புக் கணக்கை மக்கள் சனிக்கிழமை வரை வைத்துக்கொள்கிறார்கள். திருநீற்றுப் புதன் 2026-இல் பிப்ரவரி 18, 2027-இல் பிப்ரவரி 10, 2028-இல் மார்ச் 1. செமஸ்டர் தொடங்கும்போதே தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் இதையும் குறித்து வையுங்கள்.

கீழை வழிபாட்டு முறைத் திருச்சபைகளைச் சேர்ந்த கத்தோலிக்க மாணவர்களுக்குத் தவக்காலம் திங்கட்கிழமையே தொடங்கிவிடும், நோன்பு விதிகளும் வேறு. இங்கே நான் சொல்பவை இலத்தீன் வழிபாட்டு முறைக்கு உரியவை.

திருநீற்றுப் புதன் கடன் திருநாளா? அன்று முழுக்க எனக்கு வகுப்பு.

கடன் திருநாள், அதாவது பூசைக்குக் கட்டாயம் போகவேண்டிய நாள், இல்லை. திருப்பலிக்குப் போக முடியாவிட்டால் பாவமும் இல்லை. ஆனால் ஒருசந்தியும் (உணவைக் குறைப்பது) சுத்தபோசனமும் (இறைச்சி தவிர்ப்பது) அன்று கட்டாயம், அது வகுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேடிக்கை என்னவென்றால், கட்டாயமான ஞாயிறு பூசைக்கு வராதவர்கள்கூட கட்டாயமில்லாத இந்தப் புதன்கிழமைக்கு வந்து நிற்பார்கள். அவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள். எந்தக் கதவு வழியாக வந்தால் என்ன?

நெற்றியில் சாம்பலோடு வகுப்பில் உட்கார வேண்டுமா? துடைத்துவிடலாமா?

துடைக்கலாம், விடலாம். சட்டம் எதுவும் இல்லை. சில நாடுகளில் உச்சந்தலையில் தூவிவிடுகிறார்கள், அங்கே இந்தக் கேள்வியே எழாது.

ஆனால் கேள்விக்குள் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. அன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பு இருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவுங்கள், மறைவில் இருக்கும் தந்தைக்குத் தெரிந்தால் போதும் என்கிறார் இயேசு. அதைக் கேட்டு முடித்த கையோடு எழுந்து போய் நெற்றியில் கரியைப் பூசிக்கொள்கிறோம்!

முதல் ஆண்டில் நான் காலைத் திருப்பலி முடிந்து நேரே ஆய்வகத்துக்கு ஓடினேன். சாம்பல் நன்றாகக் காய்ந்து பொடிப்பொடியாக இருந்தது. நுண்ணோக்கியின் மேல் குனிந்தபோது புருவத்திலிருந்து உதிர்ந்து கண்ணாடிச் சில்லின் மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்தவள் டிஷ்யூ ஒன்றை நீட்டி, "நெற்றியில் ஏதோ கரி ஒட்டியிருக்கு" என்றாள். "இன்று திருநீற்றுப் புதன்" என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓ, தேங்க்ஸ்" என்று துடைத்துக்கொண்டேன். அன்று இரவு வரை அது என்னை உறுத்தியது. துடைத்ததற்காக இல்லை, வெட்கப்பட்டுத் துடைத்ததற்காக. என் அளவுகோல் அதிலிருந்து வந்ததுதான்: பெருமைக்காக வைத்திருப்பதாகத் தோன்றினால் துடையுங்கள், வெட்கத்தால் துடைக்கத் தோன்றினால் விட்டுவிடுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பன் என்னோடு வந்து சாம்பல் பூசிக்கொள்ளலாமா?

பூசிக்கொள்ளலாம். அது திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளம் அல்ல, மனமாற்றத்தின் அடையாளம் மட்டுமே. போன வருஷக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது. குருவானவர் சொல்லும் வார்த்தைகளில் ஒன்று, மனிதன் மண், மண்ணுக்கே திரும்புவான் என்பது. அது எல்லா மதத்தாருக்கும் பொருந்துகிற செய்திதான். திருப்பலியில் தரும் நற்கருணை அப்பம் வேறு விஷயம். அதற்கு வரிசையில் வரவேண்டாம் என்று நண்பனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே வைத்துத் தடுமாற வேண்டியிருக்காது.

ஒருசந்தி என்றால் எவ்வளவு சாப்பிடலாம்? யாருக்குக் கட்டாயம்?

இரண்டு சொற்களையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. ஒருசந்தி என்றால் உணவின் அளவைக் குறைப்பது: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை கொஞ்சம். அந்தக் கொஞ்சம் இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டை எட்டக்கூடாது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் அளவு.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1251, 1252 எண்களில் இது இருக்கிறது. ஒருசந்தி நாள்கள் இரண்டே இரண்டுதான்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும் வரை கடமை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோருக்கும், அந்த இரண்டு நாளும் வருஷத்தின் எல்லா வெள்ளிகளும்; ஆனால் இதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவை மாற்றியமைக்கலாம், பல நாடுகளில் தவக்கால வெள்ளிகளில்தான் இறைச்சி தவிர்ப்பது கட்டாயம். இளநிலை முதலாண்டில் பலருக்கு 18 நிறையும். அதாவது வாழ்க்கையின் முதல் கட்டாய ஒருசந்தியே விடுதியில்தான் நடக்கிறது.

முட்டை, பால், மீன் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. தண்ணீர், காபி, தேநீர் ஒருசந்தியைக் கெடுக்காது. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு தனிக் கணக்கு, அதில் தண்ணீரும் மருந்தும் மட்டுமே விலக்கு. திருப்பலிக்கு நடந்துகொண்டே காபி குடிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அன்று தேர்வு இருக்கிறது, அல்லது போட்டியில் ஓட வேண்டும். அப்போது?

முழுச் சாப்பாட்டை எந்த வேளைக்கு வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். பத்து மணிக்குத் தேர்வு என்றால் காலையில் நன்றாகச் சாப்பிடுங்கள். பெரும்பாலான சிக்கல் அதோடு தீர்ந்துவிடும். அதற்கும் மேல் உண்மையான தேவை இருந்தால் பங்குக் குரு விலக்கு அளிக்கலாம் அல்லது வேறு தவச்செயலாக மாற்றித் தரலாம். முன்கூட்டியே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் இறைச்சிதான் முக்கிய உணவு. மறந்து சாப்பிட்டுவிட்டால்?

மறதி பாவம் ஆகாது. பாதி தட்டில் நினைவு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எழுந்து நின்று அறிவிக்க வேண்டாம்.

மெஸ் பொறுப்பாளரிடம் பத்துப் பேர் சேர்ந்து போய், இந்த ஆறேழு வெள்ளிகளில் இறைச்சி இல்லாத வயிறு நிறைகிற உணவு ஒன்று வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் நடக்கும். ஒருவர் போய்க் கேட்டால் நடக்காது. எழுத்தில், தேதிகளோடு கொடுங்கள். அதற்காக விலை உயர்ந்த மீன் விருந்துக்கு வெளியே போவது சட்டப்படி சரி, மற்றபடி சிரிப்புதான் வருகிறது.

திருச்சபையின் மிக உயர்ந்த தர விழாவான பெருவிழா ஒன்று வெள்ளிக்கிழமை வந்தால் சுத்தபோசனக் கடமை இல்லை. 2027-இல் மார்ச் 19, சூசையப்பர் பெருவிழா, வெள்ளிக்கிழமைதான். மெஸ்ஸில் நல்லது கிடைத்தால் நன்றி சொல்லிச் சாப்பிடுங்கள்.

எனக்கு உணவோடு ஏற்கெனவே சிக்கல் உண்டு. பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

நீங்கள் ஒருசந்தி இருக்க வேண்டாம். நோயுற்றவர்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, உணவுக் கோளாறும் நோய்தான். சிகிச்சையில் இருப்பவருக்கு மருத்துவர் சொன்ன மூன்று வேளையையும் ஒழுங்காகச் சாப்பிடுவதே அந்தப் புதன்கிழமைக்கு உரிய தவம், பல நேரம் மற்றவர்களின் பட்டினியைவிடக் கடினமான தவம். தோழிகள் "நீ ஏன் சாப்பிடுகிறாய்" என்று கேட்டால் விளக்கம் தரவேண்டிய கடமையும் இல்லை. பழைய எண்ணங்கள் இந்த நாள்களில் தலைதூக்கினால் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அன்றே பேசுங்கள். குருவானவரிடமும் சொல்லலாம், ஆனால் மருத்துவருக்குப் பதிலாக அல்ல. குழுவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: யார் எவ்வளவு குறைத்தார்கள் என்ற போட்டியை மேசையில் அனுமதிக்காதீர்கள். அந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

எதை விடுவது?

எல்லோரும் சமூக வலைத்தளம், இனிப்பு, காபி என்று அடுக்குவார்கள். நல்லதுதான். ஆனால் முதல் வாரத்தில் ஐந்து தீர்மானம் எடுத்து இரண்டாம் வாரத்தில் ஐந்தையும் கைவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்று போதும். அது நிஜமாகவே உறுத்துகிற ஒன்றாக இருக்கட்டும்.

செபம், நோன்பு, ஈகை மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரி. ஒன்றை விட்டால் அதனால் மிச்சமாகும் நேரமோ பணமோ எங்கே போகிறது என்று பாருங்கள். இரவு பதினொன்று முதல் ஒன்று வரை கைப்பேசியைப் புரட்டுகிற பழக்கத்தை விட்டு, அந்த இரண்டு மணி நேரமும் வேறொரு திரையில் படம் பார்த்தால் என்ன நடந்தது? அதே நேரத்தில் கைப்பேசியை அறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிட்டு, மறுநாள் நற்செய்தியை ஒருமுறை படித்துவிட்டுத் தூங்கினால் காலை வகுப்பில் ஆசிரியர் சொல்வது காதில் விழும். தூக்கமும் தவமாகலாம் என்பது என் கட்சி. பின்னிரவு வரை விழித்திருப்பதைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில் இது கொஞ்சம் புரட்சியாகவே தெரியும்.

இன்னொன்று, புறம் பேசுவது. விடுதியில் இதை 40 நாள் விட்டுப் பாருங்கள், அப்புறம் காபியெல்லாம் ஒன்றுமே இல்லை என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராதாமே?

ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், நோன்பு நாள் அல்ல. நீங்களாக எடுத்த தீர்மானத்தை அன்று தளர்த்திக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் வலைத்தளம் போன்ற பழக்கங்களில் ஞாயிறு தளர்வு திங்கள் காலையைக் கெடுத்துவிடும். உணவு என்றால் தளர்த்துங்கள், பழக்கம் என்றால் வேண்டாம் என்பேன்.

திருநீற்றுப் புதனும் காதலர் தினமும் ஒரே நாளில் வந்தால்?

2018, 2024 இரண்டிலும் வந்தது. 2029-இலும் வரும். திருச்சபை விலக்கு எதுவும் தருவதில்லை. முந்தைய நாள் செவ்வாய்க்கிழமை சாப்பிடப் போங்கள். மறுநாள் இருவரும் சேர்ந்து சாம்பல் பூசிக்கொள்ளுங்கள். நீ மண் என்று ஒருவர் மற்றவர் முன்னால் நின்று கேட்டுக்கொள்வது அன்பைக் குறைத்துவிடாது.

அறைத்தோழன் ரமலான் நோன்பு இருக்கிறான். அவன் முன்னால் என் நோன்பைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

2026-இல் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன, கூச்சம் நியாயமானதே. விடிகாலை முதல் சூரியன் மறையும் வரை தண்ணீர்கூட இல்லாமல் இருப்பவனிடம் "எனக்கு இன்று ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு" என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட வேண்டாம், கற்றுக்கொள்ளுங்கள். அவன் விடியுமுன் எழும் நேரத்தில் நீங்களும் எழுந்து காலைச் செபம் செய்யலாம். ஒரே அறையில் இருவர் செபிக்கும் பழக்கம் நோன்புகள் முடிந்த பிறகும் தொடர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்து பல வருஷம் ஆகிவிட்டது. எப்படித் தொடங்குவது என்றே மறந்துவிட்டது.

எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் அதிகம், அதுவும் எப்போதும் தனியாக, நடந்துகொண்டே, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கேட்கப்படும்.

மறந்துவிட்டது என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "ஃபாதர், ஆறு வருஷம் ஆகிவிட்டது, முறை மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்." மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கனமான பாவங்களை, என்ன, ஏறத்தாழ எத்தனை முறை என்று சொல்ல வேண்டும். கதையாக விரிக்கத் தேவையில்லை. தாளில் எழுதிக்கொண்டு போகலாம், அப்புறம் கிழித்துப் போடுங்கள். கைப்பேசியில் எழுதினால் அழிக்க மறந்துவிடும்.

அவர் யாரிடமும் சொல்லமாட்டாரா? சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக வெளியிடும் குரு, அந்தச் செயலாலேயே திருச்சபையிலிருந்து விலக்கம் பெறுகிறார். அவரே உங்களுக்குப் பாடம் நடத்துபவராக இருந்தாலும் வெளியே வந்தபின் அதைக் காட்டிக்கொள்ளக்கூடாது. அப்படியும் தெரிந்த முகம் வேண்டாம் என்றால் வேறு பங்குக்குப் போங்கள். அது கோழைத்தனம் இல்லை. புனித வாரம் வரை தள்ளிப்போட்டால் வரிசை நீளம், குருவும் களைத்திருப்பார். மூன்றாம் வாரத்துச் சாதாரணச் செவ்வாய்க்கிழமை நல்ல நாள்.

வளாகத்தில் சிற்றாலயம் இல்லை. யாரைத் தேடுவது?

பல்கலைக்கழகம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாக இல்லாவிட்டாலும், அங்குள்ள மாணவர்களின் ஆன்மிகப் பராமரிப்பு மறைமாவட்ட ஆயரின் பொறுப்பு. சட்டத் தொகுப்பு எண் 813 அதைத்தான் சொல்கிறது. ஆகவே ஆயர் அலுவலகத்துக்கு எழுதி, மாணவர்களுக்கான குரு யார் என்று கேட்கலாம். பல நாடுகளில் இத்தகைய மாணவர் மையங்கள் ஆங்கிலக் கர்தினால் ஜான் ஹென்றி நியூமனின் பெயரைத் தாங்கியிருக்கும். முதல் நியூமன் மன்றம் 1893-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நியூமன் 2019-இல் புனிதரானார். அப்படி எதுவும் இல்லாத இடத்தில் மூன்று பேர், காலி வகுப்பறை ஒன்று, வெள்ளி மாலை அரை மணி நேரம் இருந்தால் சிலுவைப் பாதை நடத்திவிடலாம். பதினான்கு நிலைகளுக்குப் படங்கள்கூடத் தேவையில்லை, சுவரோரமாக நடந்து நின்று நின்று செபித்தால் போதும்.

கையில் காசே இல்லை. ஈகைக்கு என்ன செய்வது?

இதற்குப் பதில் ஒரு மாணவன்தான். 1833, பாரிஸ். சோர்போனில் படித்த ஃபிரெடெரிக் ஓசானாம் ஒரு விவாத மன்றத்தில் திருச்சபையின் பெருமைகளைப் பேசுகிறார். எதிர்த்தரப்பு மாணவன் கேட்கிறான்: அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் சரி, இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாதத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி. அந்த ஏப்ரல் 23 அன்று, தம் இருபதாவது பிறந்தநாளில், ஓசானாம் சில மாணவர்களோடு கூடினார். ஏழைக் குடும்பங்களை எப்படிச் சந்திப்பது என்று ரொசாலி ரெண்டு என்ற அருட்சகோதரி கற்றுக்கொடுத்தார். இன்று உலகெங்கும் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம் இதுதான்.

இதே ஓசானாமும் நண்பர்களும் பாரிஸ் பேராயரிடம் போய், இளைஞர்களின் கேள்விகளுக்கு ஈடுகொடுக்கும் மறையுரைகள் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். 1835 தவக்காலத்தில் நோத்ர்தாம் பேராலயத்தில் லக்கோர்தேர் என்ற குரு பேசத் தொடங்கினார், கூட்டம் அலைமோதியது. மாணவர்கள் கேட்டதால் கிடைத்த தவக்கால உரைகள் அவை. உங்கள் குருவிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஓசானாமிடமும் நண்பர்களிடமும் பெரிய பணம் இல்லை. போய்ப் பார்த்தார்கள், உட்கார்ந்து பேசினார்கள். வளாகத்திலேயே அப்படிப் பார்க்க ஆள் இருக்கிறது: விடுமுறையில் ஊருக்குப் போகமுடியாத வெளிநாட்டு மாணவன், பாடம் புரியாமல் தனியாகத் தவிக்கும் பெண், தினமும் நம் மாடியைத் துடைத்துவிட்டுப் போகிறவர். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

இன்னொரு மாணவரும் உண்டு. இத்தாலியின் தூரின் நகரின் பொறியியல் மாணவர் பியர் ஜார்ஜியோ ஃபிரசாத்தி 1925 ஜூலை 4 அன்று இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். வயது 24. முந்தைய நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் கிறுக்கலாக ஒரு குறிப்பு எழுதினார். ஏழை நோயாளி ஒருவருக்குச் சேரவேண்டிய ஊசிமருந்தைப் பற்றியது அது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்றே சந்தேகம். இதெல்லாம் செய்வது நடிப்பு இல்லையா?

நடிப்பு என்றால் பார்க்க ஆள் வேண்டும். யாரும் பார்க்காத விடுதி அறையில், சந்தேகத்தோடு ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டுவிட்டு "இருக்கிறீரா?" என்று கேட்பதை நான் நடிப்பு என்று சொல்லமாட்டேன். சந்தேகத்தையே செபத்தில் சொல்லலாம். மாற்கு 9-இல் ஒரு தகப்பன், நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று ஒரே மூச்சில் கதறுகிறார். அவர் மகன் குணமானான். வகுப்பில் கேட்ட வாதம் ஒன்றுதான் உறுத்துகிறது என்றால் அதை எடுத்துக்கொண்டு படித்த குருவானவர் ஒருவரிடம் போங்கள், "செபம் செய், சரியாகிவிடும்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

பாதியிலேயே தோற்றுவிட்டேன். இனி என்ன?

இன்று என்ன கிழமை? நாளைக்குத் தொடங்குங்கள்.

புனித வாரத்தில் தேர்வு. ஊருக்குப் போகவும் முடியவில்லை.

பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி இரவு என மூன்று நாளும் முடியாது, ஏதாவது ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், சனி இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்குப் போங்கள் என்பது என் ஆலோசனை. வழிபாட்டு ஆண்டின் உச்சம் அது, இருட்டிய பிறகே தொடங்க வேண்டும் என்பது விதி, ஆகவே தேர்வோடு மோதாது. முழுமையாக நடந்தால் ஒன்பது வாசகங்கள். நீளம்தான், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அந்த இரவில்தான் பெரியவர்களுக்குத் திருமுழுக்குத் தருவார்கள். பல்கலைக்கழக நகரங்களில் அவர்களில் மாணவர்களும் இருப்பார்கள், தவக்காலம் முழுக்க அதற்காகவே ஆயத்தம் செய்தவர்கள். வெளியே நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றி, இருட்டுக் கோயிலுக்குள் கொண்டுவருவார்கள். அந்த ஒன்றிலிருந்து கைமாறிக் கைமாறி உங்கள் கைக்குச் சுடர் வரும். மெழுகு விரலில் சொட்டும், தாள் வளையத்தைச் சரியாகச் செருகியிருக்கமாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாது, அவருடைய திரி அணைந்திருந்தால் உங்களுடையதைச் சாய்த்துக் கொடுங்கள்.